நடு டிஃபரன்ஷியலின் கடிவாளம்: டிப்லாக் முதல் குவாட்ரோ வரை

நான்கு சக்கரங்களும் இழுக்கும் சாலைக் கார்களின் வரலாற்றைப் பலரும் 1980 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோவிலிருந்து தொடங்குகிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அமரும் டிஃபரன்ஷியலை மட்டும் பின்தொடர்ந்து போனால் இந்தத் தொடக்கம் பொருந்தவில்லை. நடு டிஃபரன்ஷியல் மிகப் பழையது. அதற்குக் கடிவாளம் போடும் வழிதான் பின்னால் வந்தது. அந்தத் தேடலில் முதல் இடம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இயங்கிய ஹாரி பெர்குசன் ஆய்வு நிறுவனத்துக்கு உரியது என்பதே என் முடிவு.

வளைவில் திரும்பும் வண்டியின் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன; முன் அச்சு கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரண்டு அச்சுகளையும் இறுகப் பிணைத்துவிட்டால் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்கேறும். சேற்றில் டயர் சற்றே வழுக்கி அந்த முறுக்கை அவிழ்த்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. வில்லிஸ் ஜீப்பில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால் நல்ல சாலைக்கு வந்ததும் ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளி முன் அச்சை விடுவிக்க வேண்டியிருந்தது.

இதற்கான தீர்வு ஜீப்புக்கு அரை நூற்றாண்டு முன்பே பதிவாகியிருந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் பிராமா ஜோசப் டிப்லாக் 1893-இல் நீராவி இழுவை வண்டிக்குப் பெற்ற காப்புரிமையில் மூன்று டிஃபரன்ஷியல்கள் இருந்தன. ஆனால் டிஃபரன்ஷியலுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் தரும். முறுக்குவிசையை மட்டும் மாறாத விகிதத்தில்தான் பங்கிடும். கூம்புப் பற்சக்கரங்கள் என்றால் சரிபாதி. ஒரு பக்கம் பனியில் பிடிப்பை இழந்தால், அந்தப் பக்கம் தாங்கும் அற்ப விசையே மறுபக்கத்துக்கும் போகும். ஆக, மூன்று டிஃபரன்ஷியல்கள் கொண்ட வண்டியில் நான்கில் எந்தச் சக்கரம் வழுக்கினாலும் மற்ற மூன்றும் நின்றுவிடும். இரு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியே இதைவிட மேல்!

டிராக்டரால் புகழ்பெற்ற ஹாரி பெர்குசன் இந்த முட்டுக்கட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அவரோடு சேர்ந்தவர்கள் பந்தய வீரர்கள்: ஃப்ரெடி டிக்சன், 1953-இல் லெ மான் பந்தயத்தை வென்ற டோனி ரோல்ட். வழுக்கும் சாலையின் ஆபத்தை உடம்பால் அறிந்தவர்கள் இதற்குள் இறங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரு அச்சுகளின் வேக வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியதும் ஒருவழிக் கிளட்சுகள் பிடித்துக்கொள்ளும்படி அவர்கள் நடு டிஃபரன்ஷியலை அமைத்தார்கள். வளைவுக்குத் தேவையான சிறு வேறுபாட்டுக்கு அனுமதி, வழுக்கலுக்குத் தடை. 1960-இல் பெர்குசன் இறந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஈரமான ஓல்டன் பார்க் தடத்தில், ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய பெர்குசன் பி99 கோல்ட் கப்பை வென்றது. ஃபார்முலா ஒன் பந்தயம் ஒன்றில் வென்ற நான்கு சக்கர இழுவைக் கார் அது ஒன்றே.

1966-இல் வந்த ஜென்சன் எஃப்எஃப் இந்த அமைப்பைச் சாலைக்குக் கொண்டுவந்தது. விசையில் 37 விழுக்காடு முன்னுக்கு, 63 பின்னுக்கு. முன்னும் பின்னும் இப்படிக் கட்டுண்டு இருந்ததால், பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் டன்லப் மாக்சாரெட் கருவி ஒன்றே நான்கு சக்கரங்களுக்கும் போதுமாயிற்று. மொத்தம் 320 கார்களே செய்யப்பட்டன.

அடுத்து வந்தவை எளிய வழியை நாடின. 1970-இன் ரேஞ்ச் ரோவரும் 1977-இன் லாடா நீவாவும் ஓட்டுநரே பூட்டிக்கொள்ளும் நடு டிஃபரன்ஷியலோடு வந்தன. முதல் குவாட்ரோவும் இதே வகைதான். கியர்பெட்டியின் தண்டைக் குழாயாக்கி, அதனுள்ளேயே முன் அச்சுக்கான தண்டைச் செலுத்தியது அதன் அழகான புதுமை. டிஃபரன்ஷியலில் புதுமை இல்லை.

ரோல்ட் 1971-இல் தொடங்கிய எஃப்எஃப் டெவலப்மெண்ட்ஸ் இதற்கிடையே பிசுக்குப் பிணைப்பை வளர்த்தெடுத்தது. மூடிய உருளைக்குள் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கிய மெல்லிய தகடுகள். ஒன்றுவிட்டு ஒன்று முன் அச்சோடும் பின் அச்சோடும் சேர்ந்தவை. வேகம் ஒத்திருந்தால் எண்ணெய் சும்மா இருக்கும். ஒரு பக்கம் வழுக்கி ஓடினால் தகடுகளை இழுத்துப் பிடிக்கும். 1979-இல் அமெரிக்காவில் வந்த ஏ.எம்.சி. ஈகிளில் இந்தப் பிணைப்பு இருந்தது. குவாட்ரோவுக்கு முந்திய கார் இது. ஆனால் வழுக்கல் தொடங்கிய பிறகே எண்ணெய் விழித்துக்கொள்ளும் என்பது இதன் குறை.

வெர்னன் கிளீஸ்மன் உருவாக்கிய டார்சன் டிஃபரன்ஷியல் அந்தத் தாமதத்தை நீக்கியது. 1987-இல் குவாட்ரோவும் அதை ஏற்றது. அதனுள் புழுப் பற்சக்கரம் மற்றப் பற்சக்கரத்தைச் சுழற்றும். அது திரும்பப் புழுவைச் சுழற்றுவது கடினம். இந்த உராய்வே பிடிப்புள்ள அச்சுக்கு விசையை உடனடியாகத் தள்ளிவிடுகிறது. பூட்டைப் போட்டால் ஏ.பி.எஸ். அணைந்துவிடும் என்ற பழைய குவாட்ரோவின் இடரும் தீர்ந்தது. ஒரு அச்சு முழுக்க அந்தரத்தில் தொங்கினால் மட்டும் டார்சன் கைவிடும்: வழுக்கும் அச்சு தாங்கும் விசையின் மடங்கையே அது மறு அச்சுக்குத் தரும்; பெருக்குவதற்கு அங்கே விசையே இல்லை.

2010-இல் ஆடி ஆர்எஸ்5 காரில் வந்த நடு டிஃபரன்ஷியலின் கிரீட வடிவப் பற்சக்கரங்கள் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் 40:60 என்று பங்கிட்டன. அவற்றின் பக்கத்தில், அதே கூண்டுக்குள், விசை ஏற ஏற நெருக்கிப் பிடிக்கும் கிளட்ச் தகடுகள் அடுக்கப்பட்டிருந்தன.