லயத்தின் கூரை



ஏறக்குறைய 4000 அடி உயரத்திலுள்ள கொட்டகலையில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது, லயத்தில் வாழும் குடும்பத்தார் கண்கள் முதலில் நாடுவது தலைக்கு மேலுள்ள தகரத்தையே. அத்தகரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

கோப்பிக் காலத்துக் குடியிருப்புகள் பலவற்றுக்குப் புல்லே கூரையாயிருந்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884-இல் ஹட்டனை அடைந்த புகையிரதப் பாதை, மறு ஆண்டே கொட்டகலையைக் கடந்து நானுஓயாவை எட்டியது. பாரமான பொருள்களை மலைக்கு ஏற்றுவது அதனால் எளிதாயிற்று. நெளிதகரமோ 1829-இல் இலண்டனில் ஹென்றி பாமர் என்பார் உரிமை பெற்ற கண்டுபிடிப்பு. மெல்லிய தகடு நெளிவினால் வலுப்பெறுவதால், அதைத் தாங்கச் சில மரங்களே போதும். தோட்டத் துரைமாருக்கு அது சிக்கனமாகப்பட்டது. பகல் வெப்பத்தையும் இரவுக் குளிரையும் தாங்க வேண்டியவர் உள்ளே வாழ்ந்த தொழிலாளரே.

தகரத்தைக் காப்பது அதன் மேலுள்ள நாகப்பூச்சு. அது தேய்ந்தபின் ஆணித் துளைகளிலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களிலும் துரு ஏறும். ஒழுகும் நீர் வரிச்சையும் கைமரத்தையும் உளுக்கச் செய்யும். பின்னர்க் காற்றுக்கு அஞ்சிக் கூரைமேல் கற்களை ஏற்றுவர். உளுத்த மரத்துக்கு அப்பாரமே பகையாகிவிடும்.

தனி வீடாயின் உடையவர் கூரையை மாற்றிவிடலாம். லயத்தில் அது எளிதன்று. சுமார் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள காம்பராக்கள் பலவற்றின்மேல் ஓடுவது ஒரே முகடு. ஒருவர் தம் காம்பராவுக்குப் புதுத் தகரம் இட்டாலும், அடுத்த காம்பராவின் ஒழுக்கு சுவர்வழி வந்து சேரும். அன்றியும், அக்கூரை அவருடைய உடைமையுமன்று.

இதுவே சிக்கலின் ஆணிவேர். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கைகள் மாறினவேயன்றி, காம்பராவில் வாழ்ந்தவர் அதற்கு உரியவராகவில்லை. பிரஜாவுரிமைச் சிக்கலுக்கு முடிவு காண 2003-ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் லயங்களுக்குக் கூரை மாற்றும் வேலைகளும் தனி வீட்டுத் திட்டங்களும் எழுந்தன. இந்திய உதவியுடன் 4000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பதும் இத்திட்டங்களோடு இணைந்த பேச்சாயிற்று.

புதுத் தகரம் ஒரு தலைமுறையின் மழையைத் தடுக்கும். ஆயினும் அதுவும் ஒருநாள் துருவேறும். அன்று யாரிடமும் விண்ணப்பிக்காது ஏணியை எடுத்துச் சாத்துபவரே வீட்டுக்குரியவர். ஆகவே, கூரையைப் பற்றிய வினா முடிவில் அதன் கீழுள்ள மண்ணைப் பற்றிய வினாவாகவே நிற்கின்றது.