பனையிலிருந்து விழுந்தவரின் முதலாளி யார்?

பசுவந்தனைக் கரிசலில் பனை கண்மாய்க்கரை மரம். தெற்கே உடன்குடித் தேரியில் அது காடு. எங்கேயானாலும் மட்டை கழிப்பதும் பாளை சீவுவதும் தளைநாரை நம்பித்தான். பதநீர்ப் பருவத்தில் ஒரே மரத்தில் நாளுக்கு இருமுறையேனும் ஏறவேண்டும். தவறினால் முறிவது முதுகெலும்பு.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பனை சீவுவோரைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. ஆனால் இழப்பீடு தரவேண்டியவர் முதலாளி. குத்தகைக்கோ வாரத்துக்கோ மரமெடுத்து ஏறியவருக்கு முதலாளி ஏது? தற்காலிக வேலையாட்களை விலக்கிய வாசகம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கியபோதும் இந்த முடிச்சு அவிழவில்லை. தமிழகத்தின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த நலவாரியமே முதலாளியைக் கேளாமல் விபத்து உதவி தர வழிசெய்தது. அதற்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

விழுந்தவரைப் பார்த்து ஊர் 'விதி' என்றது. சட்டமும் நெடுங்காலம் அதையேதான் வேறு சொற்களில் சொல்லியிருக்கிறது.