சவரக் களிம்பு

சவரக் களிம்பு (பேச்சு வழக்கில் ஷேவிங் கிரீம்) என்பது முகம் மழிப்பதற்கு முன் மயிரை மென்மையாக்கவும், சவரக்கத்திக்கும் தோலுக்கும் இடையே வழுக்கும் படலம் ஒன்றை உண்டாக்கவும் பயன்படும் பொருள் ஆகும். இதன் உட்பொருட்கள் தாவரம், விலங்கு, கனிமம் ஆகிய இயற்கை மூலங்களிலிருந்தோ, பெட்ரோலிய வேதிப்பொருட்களிலிருந்து தொகுப்பு முறையிலோ பெறப்படுகின்றன. "இயற்கையானது" என்னும் சொல் ஒரு பொருளின் மூலத்தை மட்டுமே குறிக்கும்; அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

அடிப்படை வேதியியல்

கொழுப்பு காரத்துடன் வினைபுரிந்து சவர்க்காரத்தையும் கிளிசராலையும் தருகிறது. இவ்வினை சவர்க்காரமாதல் எனப்படும். சோடியம் ஐதராக்சைடு கடினமான கட்டியையும், பொட்டாசியம் ஐதராக்சைடு மென்மையான பசையையும் தருவதால், களிம்புகளில் பின்னதே மிகுதியாகப் பயன்படுகிறது. ஸ்டியரிக் அமிலம் நிலைத்து நிற்கும் அடர்ந்த நுரையைத் தருகிறது. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் விரைவில் நுரைக்கிறது. ஆகவே இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்தே பயன்படுத்தப்படுகின்றன.

ஸ்டியரிக் அமிலம் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் பனையெண்ணெயிலிருந்தும் (பாமாயில்) கிடைக்கிறது. இரண்டும் இயற்கை மூலங்களே. வேதியியல் முறையில் இரண்டும் ஒரே பொருளே. எனினும் விலங்குப் பொருட்களைத் தவிர்ப்போருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் தூரிகையால் நுரைக்கப்படும் சவர்க்காரமே பரவலாகப் பயன்பட்டது. 1919 இல் அமெரிக்காவில் தூரிகை தேவைப்படாத பார்பசால் களிம்பு வெளிவந்தது. 1949 இல் அழுத்தக் குடுவையில் அடைக்கப்பட்ட நுரை அறிமுகமானது. இக்குடுவைகளில் உந்துவளியாகப் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1978 இல் அமெரிக்கா பெரும்பாலான தூவல் குடுவைகளில் அவற்றைத் தடை செய்தது. தற்போது ஐசோபியூட்டேன், புரொப்பேன் போன்ற வளிமங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. இவை ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் எளிதில் தீப்பற்றக் கூடியவை.

இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு

பல உட்பொருட்களை இப்பாகுபாட்டுக்குள் அடக்குவது கடினம்.

கிளிசரால்: தாவர எண்ணெய், விலங்குக் கொழுப்பு, பெட்ரோலிய வேதிப்பொருளான புரொப்பிலீன் ஆகிய மூன்றிலிருந்தும் பெறலாம். மூன்றின் மூலக்கூறும் ஒன்றே.

மென்தால்: இந்தியாவில் பெருமளவில் பயிரிடப்படும் ஒருவகைப் புதினாவிலிருந்து பிரிக்கப்படுகிறது. தொகுப்பு முறையிலும் தயாராகிறது. இம்முறைக்கு அடிப்படையான வினையூக்கி ஆய்வுகளுக்காக ரியோஜி நொயோரி 2001 இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மென்தால் தோலின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டுவதாலேயே குளிர்ச்சி தோன்றுகிறது.

சோடியம் லாரில் சல்பேட்டு: தேங்காயெண்ணெயிலிருந்து தொடங்கினும், பல வேதிவினைகளுக்குப் பின்னரே உருவாகிறது. "தேங்காயிலிருந்து பெறப்பட்டது" என்று குறிக்கப்படும் இப்பொருள் தோலை எரிச்சலூட்டக் கூடியது.

படிகாரம்: சவரத்திற்குப் பின் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்ப்பது தமிழ்நாட்டு முடிதிருத்துவோரிடம் காணப்படும் வழக்கம். இது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு ஆகும். புரதங்களைத் திரளச் செய்து சிறு வெட்டுகளில் குருதி வடிவதை நிறுத்துகிறது. இயற்கைப் பொருளாகக் கருதப்பட்டாலும், சந்தையில் உள்ள படிகாரத்தின் பெரும்பகுதி தொழிற்சாலைகளில் கந்தக அமிலத்தைக் கொண்டு தயாரிக்கப்படுவதே. ஒரே கட்டியைப் பலருக்குத் தேய்ப்பது குருதி வழியே நோய்க்கிருமிகள் பரவ வாய்ப்பளிக்கும்.

பாதுகாப்பு

இயற்கைப் பொருளால் விளைந்த கேட்டுக்கு முதலாம் உலகப் போர்க்காலச் சவரத் தூரிகைகள் எடுத்துக்காட்டாகும். போரால் வணிகம் தடைப்பட்டபோது, முறையாகத் தூய்மைப்படுத்தப்படாத குதிரை மயிரால் தூரிகைகள் செய்யப்பட்டன. அவற்றிலிருந்த ஆந்திராக்சு நுண்வித்துகள் பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரர் பலரையும் பொதுமக்களையும் தாக்கின. இன்றைய செயற்கை இழைத் தூரிகைகளில் விலங்கு மயிர்வழித் தொற்றுக்கு இடமில்லை.

நறுமணப் பொருட்களிலும் இரு தரப்பும் ஒவ்வாமை உண்டாக்கும். எலுமிச்சை எண்ணெயிலுள்ள லிமோனீன், லாவெண்டர் எண்ணெயிலுள்ள லினலூல் ஆகியவை காற்றுடன் வினைபுரியும்போது ஒவ்வாமை ஊட்டும் பொருட்களாக மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2017 இல் வெளியிட்ட ஒரே ஆணையில், ஓக் பாசி எனப்படும் லைக்கனில் இயற்கையாக உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகியவற்றையும், லைரால் என்னும் செயற்கை நறுமணப் பொருளையும் சேர்த்தே தடை செய்தது.

பதப்படுத்திகளில் பாரபென்கள் மிகுந்த விவாதத்திற்கு உள்ளாயின. 2004 இல் வெளியான ஓர் ஆய்வு மார்பகக் கட்டிகளில் பாரபென் இருப்பதைக் கண்டறிந்தது; ஆனால் புற்றுநோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவவில்லை. 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து பாரபென்களைத் தடை செய்து, மெத்தில் பாரபென் போன்றவற்றை வரையறுத்த அளவில் அனுமதித்தது. மறுபுறம், நீர் கலந்த களிம்பில் பதப்படுத்தியே இல்லாவிடில் நுண்ணுயிரிகள் பெருகக்கூடும். நீர் குறைந்த, காரத்தன்மை மிகுந்த சவர்க்காரக் கட்டிகளுக்கு இத்தேவை குறைவு.

பெயர்ச்சீட்டு

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுப் பொருட்களுக்கு "இயற்கை" என்னும் சொல்லை வரையறுக்கவில்லை. ஐஎஸ்ஓ 16128 என்னும் பன்னாட்டு வழிகாட்டி இயற்கை உட்பொருட்களின் பங்கைக் கணக்கிடும் முறையைத் தருகிறது. பல நாடுகளில் உட்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் அச்சிடப்படுவதால், முன் அட்டையின் விளம்பரத்தை விட அப்பட்டியலே நம்பத்தக்க தகவலைத் தரும். புதிய களிம்பொன்றை முகத்தில் இடுமுன் முன்கையில் சிறிதளவு பூசிச் சோதிப்பது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

சவர்க்காரம்
படிகாரம்
மென்தால்