எச்சரிக்கை விளக்கை வாசித்தவர்கள்: டெல்லி வாகன மின்பழுதின் வரலாறு

டெல்லியின் காற்று மாசு வரலாறு பெரும்பாலும் நீதிமன்ற ஆணைகள், பேருந்துகள், இயற்கை எரிவாயு ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றுக்கு அதிகம் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. தலைநகர வட்டாரத்தில் பதிவாகும் தனியார் கார்கள் 1999 ஜூன் 1 முதல் யூரோ 1 தரத்தையும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 தரத்தையும் எட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 29 அன்று ஆணையிட்டது. புகையைக் குறித்த இந்த ஆணை, டேஷ்போர்டில் எரியும் ஒரு சிறு விளக்கின் பொருளையும் மாற்றியது. விளக்கு எரிந்தால் காரணம் என்ன என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அம்மாற்றத்தின் மையம்.

அதற்கு முந்தைய காலத்தில் டெல்லிச் சாலைகளில் நீண்ட காலம் அம்பாசடர் முதன்மையான கார்களில் ஒன்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றலான அதன் மின்னமைப்பு பர்மிங்காமின் லூகாஸ் மரபைச் சேர்ந்தது. அம்மரபின் இந்தியக் கிளையாக லூகாஸ்-டிவிஎஸ் 1961இல் சென்னையில் தொடங்கப்பட்டது. லூகாஸ் வயரிங்கில் நிறமே மொழி. பழுப்பு நிறக் கம்பியில் பேட்டரியின் நேரடி மின்சாரம் ஓடும். வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் உயிர்பெறுவது. பச்சை, ஃபியூஸைக் கடந்து வருவது. நீலம் முகப்பு விளக்குக்கு உரியது. அதில் வெள்ளைக் கோடு இருந்தால் உயர் ஒளி, சிவப்புக் கோடு இருந்தால் தாழ் ஒளி. சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும், கறுப்பு எர்த். இந்த ஒழுங்கை மனத்தில் பதித்துக்கொண்ட மிஸ்திரிக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

அக்கால எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்போடு நேரடியாகப் பேசின. மின்னேற்ற விளக்கை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை டைனமோவோடும் இணைந்திருக்கும். டைனமோ நின்றிருக்கும்போது இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருப்பதால் விளக்கு எரியும். டைனமோ வேகம் பெற்று இருபுறமும் அழுத்தம் சமமாகும்போது அணையும். பின்னர் ஆல்டர்னேட்டர் வந்தபோது இவ்விளக்குக்கு இன்னொரு பணியும் சேர்ந்தது. பல வடிவங்களில், ஆல்டர்னேட்டரின் சுருளை முதலில் உயிர்ப்பிக்கும் சிறு மின்னோட்டம் இந்த பல்பின் வழியாகவே சென்றது. பல்பு கருகிவிட்டால் எச்சரிக்கை மட்டும் இல்லாமற்போவதில்லை, பேட்டரிக்கு மின்னேற்றமே தொடங்காமலும் போகலாம். சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரிகிறதா என்று அனுபவசாலிகள் முதலில் பார்த்ததன் காரணம் இதுவே.

முகப்பு விளக்கின் பழுது இன்னும் நுட்பமானது. விளக்கு அறவே எரியாவிட்டால் ஃபியூஸ், பல்பு, சுவிட்ச் என்று வரிசையாகத் தேடிவிடலாம். மங்கலாக எரிந்தால் தேடல் கடினம். 55 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல். பொதுவான ஓர் இணைப்பில் துரு பிடித்து வெறும் 0.1 ஓம் தடை உருவானால்கூட, அங்கேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் கரைந்துவிடும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளியில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு போய்விடும். சனவரி மாத மூடுபனியில் டெல்லியின் புறவழிச் சாலைகளில் செல்பவருக்கு இந்த இழப்பு உயிரோடு தொடர்புடையது. புதிய பல்பு வாங்கிப் பொருத்துவதால் இப்பழுது தீராது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். அங்கே பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டிய அளவு உயர்ந்திருந்தால் குற்றவாளி எர்த். பிரேக்கை மிதிக்கும்போது தொடர்பில்லாத வேறு விளக்கு மங்கலாக எரிவதும் இதன் அடையாளமே. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த பல்பின் வழியாக வழி தேடிக்கொள்கிறது.

இவ்வறிவு டெல்லியில் தங்கியிருந்த இடங்கள் கல்விக்கூடங்களைவிடக் கடைவீதிகளே. காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்தையை வளர்த்தவர்களில் பிரிவினைக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தினர் பலர். கரோல் பாக் தெருக்களும், பழைய வாகனங்கள் பிரிக்கப்படும் மாயாபுரியும் அதே வலைப்பின்னலின் பிற கண்ணிகள். ஆட்டோ எலக்ட்ரீஷியனின் முதன்மைக் கருவி, ஒரு பல்பும் இரண்டு கம்பிகளும் கொண்ட சோதனை விளக்கு. குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறிய இக்கல்வியின் உள்ளடக்கம், மின்சாரம் எங்கிருந்து வந்து எங்கே திரும்புகிறது என்று தொடர்ந்து கேட்கும் பழக்கமே. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவி கைமாறியபோது, ஜப்பானிய வயரிங் ஒழுங்கும் வந்து சேர்ந்தது. லூகாஸ் அகராதி அங்கே செல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி செல்லுபடியாயிற்று. அதனால் பழைய கைகளும் பிழைத்தன.

2000ஆம் ஆண்டில் நிகழ்ந்த முறிவு வேறு வகையானது. யூரோ 2 தரத்தை எட்ட, தயாரிப்பாளர்கள் கார்புரேட்டரைக் கைவிட்டு எம்.பி.எஃப்.ஐ. எனப்பட்ட எரிபொருள் பீய்ச்சல் முறைக்கு நகர்ந்தனர். அதனுடன் இயந்திரக் கணினியும், அது எரியச் செய்யும் ‘செக் எஞ்சின்’ விளக்கும் வந்தன. இவ்விளக்கின் கம்பி எந்த உறுப்புக்கும் போவதில்லை, கணினிக்குப் போகிறது. கணினி தன் உணரிகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகே விளக்கு எரிகிறது. அதாவது, விளக்கு ஒரு நேரடிச் சாட்சியம் என்ற நிலையிலிருந்து ஒரு தீர்ப்பின் அறிவிப்பு என்ற நிலைக்கு மாறியது. இதே ஆண்டுகளில், 1998 ஜூலை 28 ஆணையின் தொடர்ச்சியாக எரிவாயுப் பயன்பாடு நகரில் பரவியது. பீய்ச்சல் முறைக் காரில் எரிவாயுக் கருவி பொருத்துவோர், பெட்ரோல் பீய்ச்சிகள் இன்னும் இணைப்பில் இருப்பதாகக் கணினியை நம்பவைக்க ஒரு துணைக் கருவியையும் சேர்க்க வேண்டியிருந்தது. இல்லையெனில் விளக்கு எரியும். தீர்ப்பு வழங்கும் கணினியோடு கடைவீதி நடத்திய முதல் பேச்சுவார்த்தை என்று இதைக் கொள்ளலாம்.

பாரத் 4 தரத்தோடு 2010இல் வாகனத்தினுள் பழுதறியும் அமைப்பு கட்டாயமாயிற்று. 2013இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. அதன்பின் விளக்கை வாசிக்க ஸ்கேனர் தேவைப்பட்டது. சோதனை விளக்கின் காலம் முடிந்தது என்ற கருத்தும் உடன் எழுந்தது. ஆனால் ஸ்கேனர் சொல்வது என்ன? பி0562 என்ற குறியீடு, மின்னழுத்தம் குறைவு என்று மட்டுமே அறிவிக்கும். பேட்டரி தளர்ந்ததா, ஆல்டர்னேட்டர் சோர்ந்ததா, உடலோடு சேரும் எர்த் கம்பி துருப்பிடித்ததா என்பதை அது சொல்லாது. குறியீடு அறிகுறியின் பெயரைத் தருகிறது. நோயைக் கண்டறிவது அளவீடும் அனுமானமும்தான். அதனைச் செய்யாமல் குறியீட்டில் பெயர் வந்த உறுப்பை மாற்றிக்கொண்டே போகும் வழக்கத்தின் செலவு முழுவதும் வாகன உரிமையாளர் தலையில் விழுகிறது.

ஆகவே புதிய அறிவு பழையதன் இடத்தைப் பிடித்தது என்ற எளிய கதை இங்கே பொருந்தாது. புதியது பழையதன் மேல் நிற்கிறது. பழையது பயிலும் களமோ சுருங்குகிறது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகர வட்டாரத்தில் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணைகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. காற்றைக் காக்க அந்நடவடிக்கைக்கு வலுவான நியாயம் உண்டு. எனினும் இளம் மிஸ்திரி ஒருவர் கம்பியைக் கண்ணால் தொடர்ந்து கற்கக்கூடிய வாகனங்கள் அவைதான். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தின் எல்லைக்குள் வாகனத் துறையும் அடங்கும். வயரிங் வரைபடமும் குறியீட்டு விளக்கமும் தெருவோரப் பட்டறைக்கு எட்டுமா என்பதே அவ்வுரிமைக்கான உண்மையான உரைகல். எட்டாவிட்டால், விளக்கு எரிவதைக் காணும் உரிமை மட்டுமே வாகன உரிமையாளருக்கு மிஞ்சும். அது ஏன் எரிகிறது என்று கேட்டு விடை பெறும் இடம் நகரத்தில் குறைந்துகொண்டே போகும்.