தபால் உறையில் வந்த சினிமா

எண்பதுகளில் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தவர்கள் இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் இருப்பீர்கள். மறுநாள் கேசட்டைத் திருப்பித் தர ஒரு மணி நேரம் தாமதமானாலும் கடைக்காரர் இன்னொரு நாள் வாடகை கேட்பார். நெட்ஃப்ளிக்ஸ் பிறந்ததே அந்த மாதிரி அபராதத்தால்தான் என்று ஒரு கதை உண்டு. ரீட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 'அப்பல்லோ 13' படத்தின் கேசட்டைத் தாமதமாகக் கொடுத்து 40 டாலர் கட்டினாராம். அந்தக் கோபத்தில் கம்பெனி தொடங்கினாராம். கூடச் சேர்ந்து தொடங்கிய மார்க் ரேண்டால்ஃப் பிற்பாடு இதை மறுத்துவிட்டார். சொல்வதற்கு வசதியான கதை, அவ்வளவுதான். காலமெல்லாம் கோப்பு புரட்டியவன் நான்; இத்தனை அழகான ஒற்றைக் காரணத்தைக் கண்டால் எனக்கும் சந்தேகம்தான் வரும்.

உண்மைக் காரணம் எடை. வீடியோ கேசட் கனமானது, தபாலில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. அப்போது புதிதாக வந்த டிவிடி தட்டையானது, லேசானது. இருவரும் சோதனைக்காக ஒரு குறுந்தகட்டை உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸ் வீட்டுக்கே தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். உடையாமல் வந்து சேர்ந்தது. 1997இல் கலிஃபோர்னியாவில் நிறுவனம் உருவாயிற்று. 1998 ஏப்ரலில் 30 ஊழியர்கள், 925 படங்களுடன் வியாபாரம் தொடங்கியது. அடுத்த வருடம் மாதச் சந்தா முறை வந்தது. பிறகு தாமதக் கட்டணமே இல்லை. பார்த்து முடித்துத் திருப்பி அனுப்பினால் அடுத்த படம் வரும்.

2000இல் நஷ்டத்தில் தத்தளித்தபோது, அமெரிக்கா முழுக்க கடை போட்டிருந்த பிளாக்பஸ்டரிடம் போய், 5 கோடி டாலருக்கு எங்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டது பிளாக்பஸ்டர். 2010இல் அதுவே திவால் மனு போட்டது.

2007 ஜனவரியில் இணையம் வழியாகவே படம் பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய டிவிடியை யாருடைய அனுமதியும் இல்லாமல் வாடகைக்கு விடலாம். ஆனால் அதே படத்தை இணையத்தில் காட்ட உரிமையாளரிடம் ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் படம் பட்டியலிலிருந்து போய்விடும். போன மாதம் பார்த்த படத்தை இந்த மாதம் தேடினால் காணோம் என்று நாம் புலம்புவது இதனால்தான். ஸ்டார்ஸ் என்ற நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தம் 2012இல் முடிந்தபோது நல்ல படங்கள் பல ஒரே நாளில் போய்விட்டன. அடுத்தவன் சரக்கை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவது? சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். 2013 பிப்ரவரியில் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். வாரம் ஒன்று என்று காத்திருந்த பழக்கம் அன்றோடு ஆட்டம் கண்டது.

2016 ஜனவரி 6 அன்று ஒரே அறிவிப்பில் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் நுழைந்தார்கள். இந்தியாவும் அதில் ஒன்று. தொடக்கச் சந்தா மாதம் 500 ரூபாய். கேபிள்காரருக்குக் கொடுப்பதற்கே யோசிக்கிற ஊரில் அது எடுபடவில்லை. கைப்பேசிக்கு மட்டும் என்று 199 ரூபாய்க்கு ஒரு திட்டம் போட்டு, 2021 டிசம்பரில் அதையும் 149 ஆக்கினார்கள்.

எனக்கு அதிக சுவாரசியமாக இருந்தது பிரான்ஸ் கதை. அங்கே 1940களிலிருந்தே ஒரு ஏற்பாடு உண்டு. விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கு, இன்று சுமார் 10.7 சதவீதம், அடுத்த படங்களுக்கு உதவ ஒரு பொது நிதிக்குப் போகும். ஹாலிவுட் படத்துக்கு விற்ற டிக்கெட்டும் பிரெஞ்சுப் படத்துக்குச் சோறு போடும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி தியேட்டர்தான். அதனால் தியேட்டரில் வந்த படம் சந்தா சேவைக்கு வர 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதி. 2014இல் நெட்ஃப்ளிக்ஸ் பிரான்ஸுக்குள் நுழைந்தது. ஆனால் வேறு நாட்டில் அலுவலகம் வைத்துக்கொண்டு, உள்ளூர் முதலீட்டுக் கடமை தன்மேல் விழாதபடி பார்த்துக்கொண்டது. 2017 கான் விழாவில் அதன் இரண்டு படங்கள் போட்டியில் இடம்பெற்றதும் தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். பிரெஞ்சுத் தியேட்டரில் வெளியாகாத படத்துக்குப் போட்டியில் இனி இடமில்லை என்றது கான். அடுத்த வருடம் 'ரோமா' வெனிஸுக்குப் போய் தங்கச் சிங்கம் விருது வாங்கியது.

பிரெஞ்சுக்காரர்கள் சண்டையோடு நிற்கவில்லை. 2021இல் ஆணை போட்டார்கள்: பிரான்ஸில் சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுத் தயாரிப்புகளில் போட்டாக வேண்டும். பதிலுக்கு 2022இல் அந்த 36 மாதக் காத்திருப்பை நெட்ஃப்ளிக்ஸுக்கு 15 மாதமாகக் குறைத்தார்கள். கொடுத்து வாங்கிய பேரம். டிக்கெட் பணமும் தியேட்டரும் இன்னும் அவர்கள் கையில் இருக்கின்றன.

2021 ஜனவரியில் 'லுபேன்' தொடர் வந்தது. மொரீஸ் லெப்லான் 1905இல் படைத்த கனவான் திருடன் ஆர்ஸேன் லுபேனை, பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன் நான். தொடரில் கதாநாயகன் லுபேன் அல்ல. லுபேன் புத்தகங்களைப் படித்து வளர்ந்த, செனகலிலிருந்து வந்தவரின் மகன். ஒமார் சி நடித்திருக்கிறார். இரண்டு இரவில் பார்த்து முடித்தேன். வீட்டம்மா தமிழில் எழுத்து ஓடுமா என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் ஓடியது, அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.