நீலகிரிக்கு வந்த டாக்டர்

1898. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் சிலர் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், முறையாகப் படித்த டாக்டர். அவர் கையில் பல நிறக் கம்பளி நூல்கள். ஒரு நூலைக் கொடுத்து, அதே நிறத்து நூல்களைப் பொறுக்கச் சொல்வார். தீவுக்காரர்களின் பார்வையைச் சோதிப்பதுதான் வந்த வேலை. பார்வைத் திறன் குடும்பவழி வருகிறதா என்று பார்க்க, அப்பன் யார், பாட்டன் யார் என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். எழுத எழுத, கண்ணைவிடப் பெரிய சங்கதி ஒன்று தட்டுப்பட்டது. ஊரின் கல்யாணம், சொத்து, உறவு எல்லாமே அந்த வம்சாவளிக்குள் இருந்தன.

1901-02இல் அதே வித்தையோடு நீலகிரிக்கு வந்தார். அங்குள்ள தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்கு, அதாவது குடியிருப்புகளுக்குப் போனார், வம்சாவளி எழுதினார். அவர்கள் புனிதமாகக் கருதும் பால்மனையின், வெளியாளுக்குச் சொல்லக்கூடாத சடங்குகளையும் சிலர் மனம் இரங்கிச் சொன்னார்கள். அதன் பிறகுதான் விபரீதம். உதவியவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். ரகசியம் வெளியே போனதால் தெய்வம் கோபித்துக்கொண்டது என்றார்கள் குறி சொல்பவர்கள். அதோடு பலர் வாயை மூடிக்கொண்டார்கள்.

டாக்டர் அதை மூடநம்பிக்கை என்று தள்ளவில்லை. 1906இல் வந்த 'தி தோடாஸ்' நூலில் அப்படியே பதிவு செய்தார். நோய் உடம்பில் வருகிறது, ஆனால் அதன் காரணத்தை ஊர்தான் சொல்கிறது என்ற விஷயம் அவர் மனதை விடவில்லை.

1915, 1916இல் லண்டன் ராயல் மருத்துவர்கள் கல்லூரியில் அவர் சொற்பொழிவாற்றினார். நோய்க்கு எது காரணம் என்று ஒரு சமூகம் நம்புகிறதோ, அதிலிருந்து தர்க்கம் பிசகாமல் பிறப்பதுதான் அதன் வைத்தியம் என்றார். நடுவில் உலகப்போர், மனம் நொறுங்கிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை. 1922இல், 58 வயதில், குடலிறக்கம் முற்றித் திடீரென்று இறந்தார். பேச்சு காற்றோடு போயிருக்கும். நண்பர்கள் 1924இல் அதைப் புத்தகமாக்கினார்கள்.

அந்த விதை முளைத்ததுதான் மருத்துவ மானுடவியல். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி, டர்ஹாம் போன்ற இடங்களில் இன்று அது முதுநிலைப் பட்டம். உயிரியலும் சமூகமும் ஒரே பாடத்தில்.

இதே கண்ணோடு, பட்டாசுத் தொழில் நடக்கும் எம். புதுப்பட்டியைப் பார்க்கலாம். அந்த வட்டாரத்தில் பட்டாசுக்குள் செலுத்தும் தூளுக்குப் பெயர் மருந்து. இருமலுக்கு மெடிக்கலில் வாங்குவதும் மருந்துதான். விரலிடுக்கில் அலுமினியத் தூள் ஏறிய கையோடு வருகிறவரின் நுரையீரலை மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும். அவர் வாங்கிய முன்பணமும், வானம் பார்த்த பூமியும், அந்த வேலையை விட முடியாத வீடும் மீதிப் பாதி. இந்தப் படிப்பைப் படிக்கிற பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார வேண்டிய ஊர் இது.