மனவடு உணர்ந்த யோகமும் ஒப்புதல் வழித் தொடுகையும்

மனவடு உணர்ந்த யோகம் என்பது பாலியல் வன்முறை, சித்திரவதை, போர், பேரிடர் ஆகியவற்றால் உள்ளமும் உடலும் காயப்பட்டவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்ட பயிற்சி. ஆசனத்தைப் பிசகில்லாமல் செய்வது இதன் நோக்கம் அல்ல. எந்த அசைவைச் செய்வது, எங்கே நிறுத்துவது, கண்ணை மூடுவதா திறந்து வைப்பதா என்பதையெல்லாம் பயில்பவரே முடிவு செய்கிறார். திண்டு, கம்பளி போன்றவற்றின் தாங்கலில் உடலைக் கிடத்தி ஓய்வு தரும் இளைப்பாறும் யோகமும், தொடப்படுபவரின் விருப்பப்படியே நடக்கும் மென்தொடுகைப் பயிற்சியும் இதற்கு அக்கம்பக்கத்தில் வளர்ந்தவை. மூன்றையும் ஒரே பெயரில் விளம்பரப்படுத்துவோர் உண்டு. ஆனால் தொடுவது பற்றி இவற்றுக்குள் ஒத்த கருத்து இல்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் இருந்த மனவடு சிகிச்சை மையத்தில்தான் 2000-களின் தொடக்கத்தில் இந்த யோகம் உருப்பெற்றது. மையத்தை நிறுவியவர் நெதர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க். பயிற்சிக்கு வடிவம் கொடுத்தவர் யோக ஆசிரியர் டேவிட் எமர்சன். நடந்ததை வாய்விட்டுப் பேசிய பிறகும் பலருக்கு உடல் அடங்குவதில்லை என்பதை மருத்துவர்கள் அங்கே கண்டிருந்தார்கள். கதவு சாத்தும் சத்தத்துக்கு நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், தூக்கம் வராது. வேறு சிலருக்கு நேர்மாறாக உடல் மரத்துப்போயிருக்கும். பசி, குளிர், வலி எதுவும் சரியாகத் தெரியாது. உடலுக்குள் நடப்பதை உணரும் திறன் குலைந்துபோவது மனவடுவின் பெரிய சேதங்களில் ஒன்று. அதைச் சிறுகச் சிறுக மீட்பதற்கே யோகம் கையிலெடுக்கப்பட்டது.

இந்த வகுப்பை வழக்கமான யோக வகுப்பிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் பேச்சு. 'கையை உயர்த்துங்கள், மூச்சை இழுங்கள்' என்ற கட்டளை இங்கே கிடையாது. 'விருப்பமிருந்தால் ஒரு கையை உயர்த்திப் பார்க்கலாம், மடியிலேயே இருந்தாலும் சரிதான்' என்பதுதான் பேச்சின் தொனி. ஆசிரியர் வகுப்புக்குள் நடமாடுவதில்லை. தன் விரிப்பிலேயே இருந்து தானும் சேர்ந்து செய்கிறார். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலே சிலருக்கு உடல் விறைத்துவிடும் என்பதுதான் காரணம். முக்கியமாக, யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. எமர்சனின் முறையில் இது விலக்கில்லாத விதி.

இந்த முறைக்கு மருத்துவ உலகில் மதிப்புத் தேடித் தந்தது 2014-இல் வெளியான ஆய்வு. வேறு சிகிச்சைகளால் போதிய பலன் பெறாத 64 பெண்களை வான் டெர் கோல்க் குழுவினர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரமாக 10 வாரம் யோகம். மற்றப் பிரிவுக்கு அதே அளவு நேரம் பெண்கள் நலக் கல்வி. முடிவில் யோகப் பிரிவில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 16 பேரிடம் நோயென்று வரையறுக்கும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்றப் பிரிவில் அந்த நிலையை எட்டியவர்கள் 29 பேரில் 6 பேர். முதல் சில வாரங்களில் இரு பிரிவினரும் தேறினார்கள். கல்விப் பிரிவினர் பிறகு பழைய நிலைக்குச் சரிய, யோகப் பிரிவினரின் தேற்றம் நிலைத்தது.

2023-இல் வெளியான இன்னொரு ஆய்வு, ராணுவப் பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளான அமெரிக்கப் பெண்களிடம் நடந்தது. நல்ல சான்றுள்ள பேச்சுச் சிகிச்சையொன்றோடு இந்த யோகம் ஒப்பிடப்பட்டது. பலன் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பாதியில் கைவிடாமல் கடைசிவரை வந்தவர்கள் யோகத்தில்தான் அதிகம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத சிகிச்சையில் ஆட்கள் தங்குவது வியப்பல்ல.

தொடாமை என்ற விதியின் கனம் புரிய மைசூருக்குப் போக வேண்டும். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆசன மரபுகளில் பெரும்பங்கு, 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து கிளைத்தது. அங்கே குருவின் கை கேள்விக்கு அப்பாற்பட்டது. முதுகை அழுத்துவதும் காலை இழுப்பதும் அனுமதி கேட்டு நடக்கவில்லை. அந்த மரபில் வந்து அஷ்டாங்க யோகத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் 2009-இல் மறைந்தார். ஆசனம் திருத்தும் சாக்கில் அவர் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று முன்னாள் மாணவிகள் பலர் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்கள். 2017-இல் 'மீ டூ' இயக்கம் எழுந்த பின்னரே அந்தக் குரல்கள் பரவலாகக் காதில் விழுந்தன. 2019-இல் அவருடைய பேரன் சரத் ஜோயிஸ், தாத்தாவின் செயலால் மாணவர்கள் பட்ட வேதனைக்குப் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு மேற்கத்திய யோகக் கூடங்கள் ஒப்புதலைப் பற்றி அவசரமாகப் பேசத் தொடங்கின. மனவடு மையம் அதை 10 ஆண்டுகளுக்கு மேலாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இளைப்பாறும் யோகத்தின் வேர் அதே மைசூர் மாணவர்களில் இன்னொருவரிடம் இருக்கிறது. புனேயில் கற்பித்த பி.கே.எஸ். ஐயங்கார் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆனால் நோயாளிகளும் முதியோரும் ஆசனத்தில் வருந்தாமல் தங்க வேண்டுமென்று திண்டு, மரக்கட்டை, கம்பளி, பெல்ட், நாற்காலி என்று தாங்கல்களை வகுத்தவரும் அவரே. அவரிடம் பயின்ற அமெரிக்க ஆசிரியை ஜூடித் ஹான்சன் லசாட்டர் அந்தத் தாங்கல்களைக் கொண்டே தனிப் பயிற்சிமுறை ஒன்றை வளர்த்து, 1995-இல் நூலாக்கினார். ஒரு வகுப்புக்கு நான்கைந்து நிலைகள்தான். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் முதல் 20 நிமிடம் வரை கிடக்கலாம். தசை எதையும் தாங்க வேண்டியதில்லை. தாங்குவது திண்டின் வேலை.

கேட்க இதமாக இருக்கும் இந்தப் பயிற்சி, மனவடு உள்ளவரை வதைக்கவும் கூடும். இதன் பிரபலமான நிலை சுப்த பத்த கோணாசனம்: சாய்ந்து மல்லாந்து, பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களை இருபுறமும் விரித்து, நெஞ்சைத் திறந்து கிடப்பது. வன்புணர்வுக்கு ஆளானவருக்கு இது எந்த நினைவைக் கிளறும் என்று விளக்க வேண்டியதில்லை. இடுப்பையும் காலையும் சுற்றும் பெல்ட், கட்டிப்போட்ட நாளை நினைவூட்டலாம். கண் மேல் வைக்கும் சிறு தலையணை, அணைத்த விளக்கு, நீண்ட மௌனம் எல்லாமே அப்படித்தான். ஆகவே விவரம் தெரிந்த ஆசிரியர் பெல்ட்டை எடுத்துவிடுகிறார். முழங்கால்களுக்கு வெளியே கம்பளிச் சுருள் வைத்து, வயிற்றின் மேல் ஒரு போர்வை போடலாமா என்று கேட்கிறார். மல்லாந்து படுக்க முடியாதவர் ஒருக்களித்துப் படுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி, வாசலைப் பார்த்தபடி இருக்கலாம். விளக்கு எரியும். 20 நிமிடம் 3 நிமிடமாகலாம்.

இனி தொடுகை. தோலின் மயிருள்ள பகுதிகளில் மெல்லிய நரம்பிழைகள் சில உள்ளன. மெதுவாக, உடல் வெப்பமுள்ள கையால், வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பெற்றோர் கைக்குழந்தையை வருடுவதும், யாரும் சொல்லித் தராமலே, இந்த வேகத்துக்குள்தான் அமைகிறது. தொடுகைக்கு ஆற்றும் சக்தி உண்டு என்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அது பாதி உண்மை. 2012-இல் வலேரியா கட்சோலாவின் குழு ஆண்கள் சிலரை மூளைப் படப்பொறிக்குள் படுக்கவைத்து அவர்களின் காலை வருடியது. ஒருமுறை பெண் வருடுவதாகவும் மறுமுறை ஆண் வருடுவதாகவும் திரையில் காட்டினார்கள். உண்மையில் இரண்டு முறையும் வருடியது ஒரு பெண்ணே. ஆனாலும் பங்கேற்றவர்களுக்கு அனுபவம் இனிமையிலிருந்து அருவருப்புக்கு மாறியது; தொடு உணர்வை முதலில் வாங்கும் மூளைப் பகுதியே மாறுபட்டு இயங்கியது. கை என்ன செய்கிறது என்பதைப் போலவே யாருடைய கை என்ற எண்ணமும் உணர்வைத் தீர்மானிக்கிறது. இதம் கையில்தான் இருக்கிறது என்று நம்பும் சிகிச்சையாளர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஒப்புதல் கேட்பதிலும் நுட்பம் இருக்கிறது. எல்லோரும் குனிந்து கிடக்கும்போது 'தொட வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்' என்பது ஒப்புதல் ஆகாது. மறுக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றுவது அது. பல கூடங்கள் விரிப்பின் ஓரத்தில் வைக்கும் சிறு அட்டையைப் பயன்படுத்துகின்றன. ஒரு பக்கம் 'தொடலாம்', மறுபக்கம் 'வேண்டாம்'. வகுப்பின் நடுவிலும் வாய் திறக்காமல் திருப்பி வைக்கலாம். ஆனால் அடித்தவரைச் சமாளிக்கவே 'சரி, சரி' என்று வாழ்ந்து பழகியவரின் 'சரி'யை அப்படியே நம்பிவிட முடியாது. உடலியக்க மருத்துவராக இருந்து ஒப்புதல் பற்றிய பயிற்சிகளை வகுத்த பெட்டி மார்ட்டின் என்ற அமெரிக்கர், இந்தத் தொடுகை யாருக்காக என்ற கேள்வியைத்தான் முன்னால் வைக்கிறார். அவருடைய பயிற்சி ஆளைத் தொடுவதில் தொடங்குவதில்லை. கையில் ஒரு பொருளை எடுத்து நிதானமாகத் தடவிப் பார்ப்பதில் தொடங்குகிறது. அனுபவமுள்ளவர்களும் இதேபோல் படிப்படியாகத்தான் போகிறார்கள்: முதலில் பயில்பவரின் சொந்தக் கை, பிறகு போர்வையின் பாரம், பிறகு போர்வைக்கு மேலாக ஆசிரியரின் கை. எங்கே, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் கேட்கிறார்கள்.

தொடுகையைத் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்காக டென்மார்க் மருத்துவர் இங்கெ கெனஃப்கே 1982-இல் கோபன்ஹேகனில் நிறுவிய மையம், மருத்துவத்தோடு இயன்முறைச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. உள்ளங்காலில் அடிவாங்கியவருக்கு நடப்பதே வேதனை. அந்தக் காலைத் தொடாமல் சிகிச்சை இல்லை. ஆக, தொடவே கூடாது என்ற விதி யோக வகுப்புக்குப் பொருந்தும் அளவுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

தமிழ்நாட்டில் மனவடு உணர்ந்த யோகத்துக்கு நெருக்கமான முயற்சி ஒன்று 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நடந்தது. 6,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தின் முகாம்களில், கடுமையான மனவடு அறிகுறிகள் கொண்ட 183 பேருக்கு மூச்சுப் பயிற்சி பலன் தருகிறதா என்று சோதித்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. ஆறு வாரத்தில், மூச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் அறிகுறி மதிப்பெண் சராசரியாக 42 புள்ளிகளும், அதோடு பேச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களின் மதிப்பெண் 39 புள்ளிகளும் இறங்கின. சிகிச்சைக்காகக் காத்திருந்த பிரிவினருக்கு இறங்கியது 5 புள்ளிகள்கூட இல்லை. ஒரு குறை: தனித்தனி ஆளாகக் குலுக்காமல் முகாம் முகாமாகப் பிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திர உச்சாடனம் ஆகியவற்றை உளநலப் பணியில் சேர்த்துக்கொண்டார். பழகிய வழிபாட்டின் சாயல் இருந்ததால் அவற்றை மக்களிடம் கொண்டுபோவது எளிதாயிற்று.

இத்தனைக்குப் பிறகும் இந்த யோகம் துணைச் சிகிச்சைதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவுச் சிகிச்சையையுமே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன இரண்டு அமெரிக்க ஆய்வுகளும் பெண்களிடம், தொடுகையே இல்லாத முறையில் நடந்தவை. அவற்றைக் காட்டித் தொடுகைச் சிகிச்சைக்கு விளம்பரம் செய்வது முறையல்ல. வகுப்பின் நடுவே ஒருவருக்குப் பழைய சம்பவம் கண்முன் வந்துவிட்டால், ஓடிப்போய்த் தோளைப் பிடிப்பதுதான் ஆசிரியர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். இருந்த இடத்திலிருந்தே பெயர் சொல்லி அழைத்து, கண்ணைத் திறக்கவும் பாதத்தைத் தரையில் ஊன்றவும் அறையில் தெரியும் பொருள்களைச் சொல்லவும் அழைக்கலாம். அது அடிக்கடி நேர்ந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.